மூன்று வருஷக் கணக்கு

ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்குள் ஓடும் பினாங்குத் தெருவில் இன்று நகைக்கடையும் புடவைக்கடையும்தான் கண்ணில் படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இரண்டாம் உலகப் போர் வரை அது நாட்டுக்கோட்டை நகரத்தாரின் லேவாதேவித் தெரு. வாசலிலிருந்து பின்கட்டு வரை நீளும் கூடம். கிட்டங்கி என்று பெயர். சுவரையொட்டி வரிசையாக மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனி விலாசம், அதாவது ஒரு தனி வட்டிக்கடை. பெட்டிக்குப் பின்னால் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர் ஏஜண்டு. பகலில் அங்கேயே பேரேடு எழுதுவார், இரவில் பெட்டியடியிலேயே படுத்துக்கொள்வார். அவர் கையில் புழங்கிய பணம் பெரும்பாலும் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்த முதலாளியுடையது. ஈயச் சுரங்கக்காரருக்கும் ரப்பர்த் தோட்டக்காரருக்கும் கடன் கொடுக்கும் முடிவை அவர்தான் எடுத்தாக வேண்டும். முதலாளிக்கு எழுதிக் கேட்டால் கப்பல் போய் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆசைக்கும் பயத்துக்கும் இவ்வளவு இடம் இருந்த தொழிலில் நகரத்தார் செய்துவைத்திருந்த ஏற்பாடு எளிமையானது. ஏஜண்டின் தவணை 3 வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம், முடிவில் லாபத்தில் பங்கு. தவணை முடிந்தால் தொழில் எவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் ஊர் திரும்ப வேண்டும். அடுத்து வருபவர் நிலுவையில் உள்ள கடன்களைப் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று கணித்துத்தான் பொறுப்பை ஏற்பார். வட்டியும் தனி ஒருவரின் மனம்போல் விடப்படவில்லை. ரங்கூனில் நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடித் தங்களுக்குள்ளான நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள்.

இந்த ஏற்பாடு ஏஜண்டின் குணத்தை நம்பி நிற்கவில்லை. அவர் ஆசைப்படுவார், பதறுவார், கொடுத்த கடன் கெட்டுப்போனதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் அதன்மேல் இன்னொரு கடன் கொடுப்பார் என்பதையெல்லாம் முன்னதாகவே எதிர்பார்த்து, அப்படி நடந்தால் கெடுதல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எல்லை கட்டியிருக்கிறார்கள். இன்று சேமிப்பைப் பங்கிலும் தங்கத்திலும் போடுகிறவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது: மனதை அடக்கு, சந்தை விழும்போது அமைதியாக இரு, பேராசையை விடு. சொல்லக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. உணர்ச்சிக் கட்டுப்பாடு மனத்திண்மையால் வாய்ப்பதில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். நிதானமாக இருக்கும் நேரத்தில் ஒரு முடிவை எடுத்து, பதற்றமான நேரத்தில் அதில் கைவைக்க முடியாதபடியோ, கைவைத்தாலும் குடிமுழுகிப் போகாதபடியோ அமைத்துக்கொள்வதால்தான் அது வாய்க்கிறது. மனித மூளையைப் பற்றி ஐம்பது வருஷமாகச் சேர்ந்திருக்கும் ஆய்வுகள் இந்தப் பக்கமே சாய்கின்றன. நகரத்தாரின் வெற்றியும், பர்மாவில் அவர்கள் அடைந்த பெருந்தோல்வியும்கூட இதையே காட்டுகின்றன.

டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979 இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறையின் தொடக்கம். நூறு வெள்ளி கிடைத்தால் வரும் மகிழ்ச்சியைவிட நூறு வெள்ளி போனால் வரும் வலி பெரிது என்று அவர்கள் காட்டினார்கள். 1992 இல் அந்த வலியை ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு என்று மதிப்பிட்டார்கள். இந்த மடங்கு எல்லாச் சூழலிலும் ஒன்றாக இருக்குமா என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். சிறு தொகைகளில் அது குறைந்துவிடுவதாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனாலும் 2020 இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 19 நாடுகளில் மூலச் சோதனைகளைத் திரும்ப நடத்தியபோது அவற்றின் முக்கியமான முடிவுகள் பெரும்பாலும் நிலைத்தன. இதைச் சந்தைக்குப் பொருத்திப் பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போதும். வருஷத்துக்குச் சராசரியாக 7 சதவீதம் வளரும், ஆனால் 15 சதவீத அளவுக்கு மேலும் கீழும் ஊசலாடும் ஒரு முதலீட்டை எடுத்துக்கொள்வோம். அதைத் தினமும் பார்ப்பவருக்கு, 250 வணிக நாட்களில் சுமார் 128 நாள் லாபம் தெரியும், 122 நாள் நஷ்டம் தெரியும். நஷ்டத்தின் வலியை இரண்டு மடங்கு என்று வைத்தால் 128 பங்கு மகிழ்ச்சிக்கு எதிரே 244 பங்கு வேதனை. வருஷத்துக்கு ஒரு முறை பார்ப்பவருக்கு நூறில் 68 தடவை லாபம், 32 தடவை நஷ்டம். மகிழ்ச்சியும் வேதனையும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. பத்து வருஷத்துக்கு ஒரு முறை பார்ப்பவர் நூறில் 93 தடவை சிரிப்பார். மூவரின் பணமும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பார்க்கும் இடைவெளி மட்டுமே வேறு. கைப்பேசியில் மணிக்கு மணி விலையைப் பார்த்துக்கொண்டே அமைதியாக இருக்க ஒருவர் படும் பாட்டைவிட, அந்தச் செயலியை நீக்கிவிடுவது சுலபம். ஷ்லோமோ பெனார்ட்சியும் ரிச்சர்ட் தேலரும் 1995 இல் இந்தக் கோணத்தைத்தான் விளக்கினார்கள்: மக்கள் பங்குகளைக் கண்டு இவ்வளவு அஞ்சுவதற்குப் பங்கின் இயல்பு மட்டும் காரணமில்லை, அடிக்கடி கணக்குப் பார்க்கும் பழக்கமும் காரணம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை முழுக் கணக்கு என்ற முறை ஏஜண்டின் நேர்மையைச் சோதிக்க வந்தது என்றே பொதுவாகச் சொல்வார்கள். முதலாளியின் மனநிம்மதிக்கும் அது காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சரி, படித்தவர்களுக்கு, இந்தப் பலவீனம் தெரிந்தவர்களுக்கு இது நடக்குமா என்று கேட்கலாம். டெரன்ஸ் ஓடீன் அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை ஆராய்ந்து 1998 இல் ஒரு முடிவை வெளியிட்டார். லாபத்தில் இருந்த பங்குகளை அவற்றின் உரிமையாளர்கள் விற்ற விகிதம் 14.8 சதவீதம், நஷ்டத்தில் இருந்தவற்றை விற்றது 9.8 சதவீதம். விற்கப்பட்ட லாபப் பங்குகள் அடுத்த ஒரு வருஷத்தில், விற்காமல் வைத்துக்கொண்ட நஷ்டப் பங்குகளைவிடச் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி கூடுதலாகத் தந்தன. நல்லதை விற்றுவிட்டுக் கெட்டதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காரணம், நஷ்டத்தில் விற்றால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும். இவர்கள் சொந்தமாகப் பங்கு தேர்ந்தெடுக்கும் அளவுக்கு விவரம் தெரிந்தவர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அப்படியானால் உணர்ச்சியையே வெட்டி எறிந்துவிட்டால்? அதற்கும் சோதனை நடந்திருக்கிறது. 2005 இல் வெளியான ஓர் ஆய்வில், உணர்ச்சியோடு தொடர்புள்ள மூளைப் பகுதி சேதமடைந்தவர்களும் மற்றவர்களும் 20 சுற்று விளையாடினார்கள். சுற்றுக்கு ஒரு டாலர் போடலாம். பூவா தலையா விழுந்து தோற்றால் டாலர் போகும், ஜெயித்தால் இரண்டரை டாலர் வரும். கணக்குப்படி எல்லாச் சுற்றிலும் போடுவதே புத்தி. மற்றவர்கள் ஒரு சுற்றில் தோற்றதும் அடுத்த சுற்றில் பெரும்பாலும் பயந்து ஒதுங்கினார்கள். மூளை பாதித்தவர்களோ தொடர்ந்து போட்டு அதிகம் சம்பாதித்தார்கள். இதைப் படித்து உணர்ச்சியே எதிரி என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. அந்த ஆய்வில் பங்குபெற்ற அந்தோனியோ டமாசியோ 1994 இல் எழுதிய நூலில் எலியட் என்று ஒரு நோயாளியை விவரிக்கிறார். மூளைக் கட்டி அறுவைக்குப் பிறகு அவருடைய புத்திக்கூர்மை குறையவில்லை, உணர்ச்சி மட்டும் மங்கிப்போனது. வேலை போனது, வேண்டாம் என்று எச்சரித்தவர்களை மீறி ஆபத்தான தொழில்களில் இறங்கிச் சேமிப்பு முழுவதையும் இழந்தார். விதிமுறை தெளிவாக உள்ள, இழப்பு ஒரு டாலரோடு நிற்கும் விளையாட்டில் உணர்ச்சியின்மை லாபம். விதிமுறை தெரியாத, இழப்புக்கு எல்லையில்லாத உலகில் அதுவே நாசம். ஆகவே பயத்தை அகற்றுவது சரியான வழியாக இருக்க முடியாது. ஒவ்வொரு இழப்பும் அந்த ஒரு டாலரைப் போல எல்லைக்குள் நிற்கும்படி முதலீட்டை அமைத்துக்கொண்டால், பயம் வந்தாலும் வந்துவிட்டுப் போகும்.

எல்லை கட்டுவதன் முதல் படி கையிருப்பு. சந்தை விழும்போது விற்றுவிட்டு ஓடுகிறவர்களை மனவுறுதி இல்லாதவர்கள் என்று எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர்களில் பலருக்கு அந்த மாத வாடகைக்கு வேறு பணம் இல்லை. இதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர் முதலியோர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் சோதனை நடத்தி 2013 இல் வெளியிட்டார்கள். கரும்பு விவசாயிக்கு வருமானம் வருஷத்துக்கு ஒரு முறை, வெட்டு முடிந்து ஆலை பணம் கொடுக்கும்போது. வெட்டுக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக்குப் போகும், கடன் ஏறும். அதே ஆள், அதே மூளை; ஆனால் பணமில்லாத அந்த மாதங்களில் புதிர்ச் சோதனையில் அவர் எடுத்த மதிப்பெண் அறுவடைக்குப் பிறகு எடுத்ததைவிடக் கணிசமாகக் குறைவு. சோதனை பழகிவிட்டதால் இரண்டாம் முறை நன்றாகச் செய்திருப்பார்களோ என்ற ஐயத்தைத் தீர்க்க, அறுவடைக்குப் பிறகே முதல்முறை சோதிக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், வித்தியாசம் நின்றது. பணமுடை சிந்திக்கும் திறனையே தின்கிறது என்றால், 'அமைதியாக முடிவெடு' என்ற அறிவுரை பணமுள்ளவனுக்கு மட்டுமே பயன்படும். மலேசியாவில் இது கோவிட் காலத்தில் பெரிய அளவில் தெரிந்தது. ஊழியர் சேமநிதியைப் பூட்டி வைத்திருந்த கதவு 2020 முதல் 2022 வரை நான்கு சிறப்புத் திட்டங்களில் திறக்கப்பட்டது. சுமார் 81 லட்சம் பேர் 14,500 கோடி வெள்ளியை எடுத்தார்கள். வேலையிழந்த குடும்பங்களுக்கு அது சோறு. ஆனால் ஓய்வுக்காலப் பணமும் அவசரப் பணமும் ஒரே பானையில் கிடந்ததால்தான் ஒன்றைக் காக்க இன்னொன்றை உடைக்க வேண்டிவந்தது. 2024 மே முதல் சேமநிதிக்குச் செலுத்தும் சந்தாவில் பத்தில் ஒரு பங்கை எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய தனிப் பிரிவாக வைத்திருப்பது இந்தப் பாடத்தின் விளைவாகவே எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு கேள்வி. பிரித்து வைத்தது சரி.

இரண்டாவது படி, எவ்வளவு போடுவது என்பது. இங்கே உள்ளுணர்வு முழுக்கத் தவறும் ஒரு கணக்கு இருக்கிறது. நாணயம் சுண்டுவோம்: பூ விழுந்தால் போட்ட பணம் 50 சதவீதம் கூடும், தலை விழுந்தால் 40 சதவீதம் குறையும். சராசரியில் ஒவ்வொரு சுண்டுக்கும் 5 சதவீத லாபம்; ஆகவே நல்ல ஆட்டம் என்று தோன்றும். ஆனால் கையிலுள்ள 1,000 வெள்ளியையும் ஒவ்வொரு முறையும் வைத்தால், ஒரு பூவும் ஒரு தலையும் சேர்ந்து 1,000 ஐ 900 ஆக்கும். பத்துப் பூ, பத்துத் தலை விழுந்த பிறகு கையில் 349 வெள்ளிதான் மிஞ்சும். அதே ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் கையிருப்பில் கால்பங்கு மட்டும் வைத்தவரிடம், அதே பத்துப் பூ பத்துத் தலைக்குப் பிறகு ஏறக்குறைய 1,132 வெள்ளி இருக்கும். இருவரில் எவரும் மற்றவரைவிடத் தைரியசாலியோ புத்திசாலியோ இல்லை. வைத்த அளவுதான் ஒருவரை அழித்தது, மற்றவரை வளர்த்தது. கோலாலம்பூர்ப் பங்குக் குறியீடு 1997 பிப்ரவரி 25 அன்று 1,271 புள்ளியில் இருந்தது. 1998 செப்டம்பர் 1 அன்று 262. ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது, பழைய இடத்தைத் தொட 2007 ஆயிற்று. இந்த இடைவெளியில் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர்கள் மீண்டார்கள் என்பது உண்மை. ஆனால் பொறுமையாக இருக்க முடிந்தவர்கள் யார்? கடன் வாங்கிப் பங்கு வாங்காதவர்கள், அந்தப் பணம் இல்லாமல் பத்து வருஷம் ஓட்ட முடிந்தவர்கள். கடன் வாங்கியவர்களின் பங்குகளைத் தரகு நிறுவனமும் வங்கியும் விற்றுத் தள்ளின; அங்கே அவர்களின் பொறுமையை யாரும் கேட்கவே இல்லை.

உணர்ச்சி என்றதும் பேராசையும் பயமும்தான் நினைவுக்கு வருகின்றன. மலேசியத் தமிழருக்கு இன்னொன்றும் விலை வைத்தது: இனப்பற்று. மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சி முன்னின்று 1982 இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தில் சுமார் 66,000 இந்தியர்கள் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி போட்டார்கள். தோட்டப்புறங்களில் நகையை அடகு வைத்துப் பங்கு எடுத்தவர்கள் இருந்தார்கள். நம்மவருக்கென்று ஒரு பொருளாதார அடித்தளம் வேண்டும் என்ற அந்த ஆசையில் பழுது சொல்ல எனக்கு மனம் வராது. அது நியாயமான ஆசை. அந்தப் பங்குகள் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. ஆகவே விற்க நினைத்தவருக்கும் வழியில்லை. 2010 இல், ஒரு வெள்ளிப் பங்கை 80 காசுக்கு வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனம் முன்வந்தது. 1980களின் நடுவில் ஊழியர் சேமநிதி வருஷத்துக்கு 8.5 சதவீதம் ஈவு கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இழப்பின் அளவு புரியும். இயக்கத்துக்கு ஆதரவாக ஐம்பது வெள்ளிப் பங்கு எடுத்தவருக்கு அது ஒரு நன்கொடையாகப் போயிருக்கும். அடகு வைத்து எடுத்தவருக்கு வாழ்க்கையே இடம்மாறிப் போனது. இரண்டு பேருக்கும் உணர்ச்சி ஒன்றே. பினாங்கிலேயே 2017 இல் சரிந்த ஜேஜேபிடிஆர் என்ற அந்நியச் செலாவணித் திட்டத்திலும் இதே கதை, ஆனால் அங்கே நோக்கத்தில் நியாயம் இல்லை. மாதம் 20 சதவீதம் தருவதாகச் சொன்னார்கள். அந்த வேகத்தில் 1,000 வெள்ளி ஒரு வருஷத்தில் 8,900 ஆகும், ஐந்து வருஷத்தில் 5 கோடியே 60 லட்சத்தைத் தாண்டும். இது நடக்காது என்று யாருக்கும் தெரியும். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலிலும் அதன் பெயர் இருந்தது. ஏப்ரலில் கணக்குகள் ஊடுருவப்பட்டு 50 கோடி வெள்ளி போனதாக நிறுவனர் அறிவித்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு மாதாமாதம் பணம் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு கணக்கும் எச்சரிக்கையும் காதில் ஏறாது. அப்படிப்பட்ட நேரத்தில் புத்தியைத் தேடிப் பயனில்லை. 'புதிதாகக் கேள்விப்படும் எதிலும் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போடுவதில்லை' என்று முன்பே எழுதி வைத்திருந்தால் அது மட்டும் நிற்கும்.

இந்த வாதத்துக்கு எதிராக மிகக் கனமான சான்று நகரத்தாரிடமிருந்தே வருகிறது. இவ்வளவு கட்டுக்கோப்பான ஏற்பாடு இருந்தும் பர்மாவில் அவர்கள் எப்படி அழிந்தார்கள்? 1930 வாக்கில் அவர்களுடைய தொழில் மூலதனம் பர்மாவில் சுமார் 75 கோடி ரூபாய் என்றும், மலாயாவிலும் நீரிணைக் குடியேற்றங்களிலும் 25 கோடி, இலங்கையில் 14 கோடி என்றும் அக்காலக் கணிப்புகள் சொல்கின்றன. மொத்தத்தில் பாதிக்கு மேல் ஒரே நாட்டில். அந்த நாட்டில் பெரும்பகுதி ஒரே பயிரில். ஐராவதி முகத்துவாரத்தில் நெல் விளைவிக்கும் விவசாயிக்குக் கடன், அதற்கு ஈடு அவனுடைய நெல்வயல். ஒவ்வொரு கடனையும் தனித்தனியாகப் பார்த்தால் பத்திரமானதுதான்: கடனைக் கட்டாவிட்டால் நிலம் இருக்கிறது. 1930 முதல் உலகச் சந்தையில் அரிசி விலை சரிந்து பாதியானபோது, விவசாயியால் வட்டி கட்டவும் முடியவில்லை, அவன் ஈடாக வைத்த நிலத்துக்கு வாங்குவாரும் இல்லை. கடனையும் ஈட்டையும் ஒரே விலைதான் தாங்கிக்கொண்டிருந்தது என்பது அந்த நாளில்தான் வெளியே வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் இருந்த நிலம் 1930 இல் 6 சதவீதம். 1937 வாக்கில் 25 சதவீதம். வேண்டாத நிலம் கைக்கு வந்து, விற்க முடியாமல், உள்ளூர் மக்களின் கோபத்துக்கும் ஆளானார்கள். 1942 இல் ஜப்பானியர் வர, கால்நடையாகவும் கப்பலிலும் ஓடிவந்தார்கள். 1948 இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறிப் பார்த்த கண் இதை ஏன் பார்க்கவில்லை? அந்தக் கண்ணுக்குக் கொடுத்த வேலை வேறு. தனி ஏஜண்டின் சபலத்தையும் தனிக் கடனின் தரத்தையும் அது சோதித்தது. எல்லாக் கடனும் சேர்ந்து ஒரே காரணத்தால் விழுமா என்று கேட்க யாரையும் நியமிக்கவில்லை. புதிய ஏஜண்டும் அதே ஊர், அதே குலம், அதே பயிர்மேல் நம்பிக்கை உள்ளவர். ஆகவே ஏற்பாடு பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டுவதைவிட, ஏற்பாட்டில் ஒரு கேள்வி விடுபட்டிருந்தது என்று சொல்வதே சரி. இன்றைய மலேசியக் குடும்பத்துக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். சம்பளம் ரிங்கிட்டில், வீடு பினாங்கில், பங்குகள் கோலாலம்பூரில், வேலையோ பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில், கையிலுள்ள பங்கும் அதே தொழிலைச் சேர்ந்தது என்றால், அந்தத் துறை ஒரு முறை தும்மினால் சம்பளம், சேமிப்பு, வீட்டு விலை மூன்றும் ஒரே நாளில் படுக்கும்.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. இப்படி எல்லை கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நல்ல காலம் வரும்போது முழுப் பலன் கிடைக்காது. உண்மை. 1993 என்ற ஒரே வருஷத்தில் கோலாலம்பூர்க் குறியீடு ஏறக்குறைய இரட்டிப்பானது. கால்பங்கு மட்டும் போட்டவர் அந்த டிசம்பரில் நிச்சயம் நொந்துபோயிருப்பார். அந்த நோவு ஏற்பாட்டின் செலவு, அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் அந்தச் செலவை யாரோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். முழுதும் போட்டு, உச்சியில் விற்று வெளியேறியவரோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவு. அப்படி வெளியேறியவர்கள் மிகச் சிலர். பிராட் பார்பரும் ஓடீனும் 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் கணக்கை 1991 முதல் 1996 வரை பார்த்தார்கள். சந்தை வருஷத்துக்கு 17.9 சதவீதம் வளர்ந்தபோது, அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4. வளரும் சந்தையிலேயே அந்த நிலை. மலேசியாவில் 2020 இல் கையுறைப் பங்குகள் கொண்டாடப்பட்டபோது டாப் குளோவ் 9 வெள்ளியைத் தாண்டியது, 2022 இல் ஒரு வெள்ளிக்கும் கீழே வந்தது. தொற்று முடிந்தால் கையுறைக்கு அந்த விலை நிற்காது என்பது எல்லாருக்கும் முதலிலேயே தெரியும்.

கிட்டங்கி இன்று நமக்கு இல்லை, ஊர் திரும்பச் சொல்லும் முதலாளியும் இல்லை; சம்பளக்காரர் ஒருவர் தனக்குத்தானே எப்படி எல்லை போட்டுக்கொள்வார் என்று கேட்டால், அதற்கும் வழி சோதிக்கப்பட்டிருக்கிறது. தேலரும் பெனார்ட்சியும் ஒரு தொழிற்சாலையில், இனி வரும் சம்பள உயர்வில் ஒரு பகுதி தானாகச் சேமிப்புக்குப் போகட்டும் என்று ஊழியர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்திட்டவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 ஆனது.  மற்றதெல்லாம் இதன் விரிவுதான், அதைத் தங்கத்தில் வைத்துப் பார்க்கலாம். லிட்டில் இந்தியாவில் சேமிப்பு என்றால் பெரும்பாலும் அதுதான். 1980 ஜனவரியில் அவுன்சு 850 டாலருக்குப் போன தங்கம், 1999 இல் 250 டாலர் அளவுக்கு இறங்கி, 2008 இல்தான் டாலர் கணக்கில் பழைய உச்சத்தைக் கடந்தது. 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது. விலை ஏறும்போதும் வாங்கக் கூட்டம் சேரும். தாலியும், பாட்டி வழி வந்த காப்பும், மகளுக்கென்று எடுத்த ஆரமும் முதலீட்டுக் கணக்கில் சேர வேண்டியதில்லை. செய்கூலி கொடுத்து வாங்கிய அவற்றின் மதிப்பு வேறு, அவற்றை விற்கும் நாள் வராமலே இருக்கட்டும். மிச்சமுள்ள காசும் கட்டியும் குடும்பச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு என்று விலை அடங்கியிருக்கும் காலத்தில் கணவனும் மனைவியும் பேசி ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தேதி, தைப்பூசத்துக்கு மறுநாள் என்று வைத்துக்கொள்ளலாம். அன்று கணக்குப் பார்த்து, பத்து என்பது பதினெட்டாகியிருந்தால் எட்டை விற்றுச் சேமநிதியில் போட வேண்டியதுதான். ஆறாக இறங்கியிருந்தால் நான்கு வாங்க வேண்டியதுதான். விற்ற ரசீதை அதே நோட்டில் ஒட்டி, என்ன விலை, ஏன் விற்றோம் என்று இரண்டு வரி எழுதிவைக்க வேண்டும். அடுத்த வருஷம் அதைப் படிக்க வேண்டியவர் விற்றவராக இல்லாமல் வீட்டில் இன்னொருவராக இருக்கட்டும்.